வெயில் போன வளவு: ஒரு எல்.ஈ.டி. பட்டியின் முன்கதை

போன மாரியில எங்கட குழுவில் ஒருவரின் வீட்டில், சாய்ந்தமருதில், அஞ்சு கொச்சிக்காய்ச் சாடிகளைச் சுற்றி ஒரு பேச்சு நடந்தது. கன்றுகள் ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. ஆனால் தண்டு நூல் மாதிரி, இலை வெளிறிய பச்சை, எல்லாம் ஒரே பக்கமாக, யன்னலை நோக்கிச் சாய்ந்துகொண்டு. உம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெட்டையா வளந்து என்ன பிரயோசனம் மகன்? ஒண்டு காய்க்குமா? எடுத்து வெளிய போடு. இந்த வளவுல இனி ஒண்டும் வராது."

எறிய மனம் வரவில்லை. அந்த வளவில் முன்பு என்னவெல்லாம் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். முருங்கை, கறிவேப்பிலை, கொச்சி, வல்லாரை, கிணற்றடியில் ரெண்டு வாழை. உம்மாவின் கைச்செலவில் பாதி அதிலிருந்துதான் வந்தது. கறிவேப்பிலை ஒரு கட்டு, முருங்கைக்காய் ஒரு பிடி என்று பக்கத்து வீடுகளுக்குப் போகும். காசு அவரின் முந்தானை முடிச்சுக்கு வரும். யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத காசு.

அப்போதுதான் எங்களில் ஒருத்தர், "எல்.ஈ.டி. பட்டி ஒண்டு வாங்கி மேல கட்டிப் பார்ப்பமா?" என்றார். கல்யாண வீட்டுக்கும் கடை அலங்காரத்துக்கும் ஒட்டுவார்களே, அந்தப் பட்டி. செலவு பெரிதில்லை, நாங்களே கட்டலாம். திட்டம் போட உட்கார்ந்தோம். கடதாசியில் முதல் கணக்கு எழுதுவதற்குள் ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. கல்முனை பூமத்திய ரேகையிலிருந்து ஏழரைப் பாகைக்குள் கிடக்கிற ஊர். சித்திரை மாதம் தார் றோட்டில் செருப்பில்லாமல் நடக்க ஏலாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கொச்சிக்கன்றுக்கு வெளிச்சத்தைக் காசு குடுத்து வாங்க வேண்டிய நிலை எப்படி வந்தது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய பதில். கடைசியில் விளக்குத் திட்டமும் இருக்கிறது.

வெயில் எப்படிப் போனது

எங்கள் கரையோரத்தை வடக்கிலிருந்து தெற்காக நினைத்துப் பாருங்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. நடுவில் பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ்க் கிராமங்கள். கிழக்கே கடல். மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல் பட்டி. அந்தப் பட்டியின் மேல்தான் பிரதான வீதியும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும். கடலுக்குள்ளும் வீடு கட்ட ஏலாது, வயலுக்குள்ளும் கட்டக்கூடாது. இலங்கையிலேயே ஆட்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்றாக இந்தப் பக்கம் ஆனதற்கு இந்தத் தரை அமைப்பு ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் எங்கள் கல்யாண வழக்கம். கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு குடுக்க வேண்டும். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனால் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்குக் குடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் அல்லது பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. இப்படியே போகும். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கத்தில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. காணியும் வீடும் பெண்ணின் பெயரில் நிற்கும். சகோதரிகள் ஒரே வளவுக்குள் கிட்டக்கிட்ட இருப்பார்கள். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. உம்மம்மாவின் காலத்தில் ஒரு வளவில் ஒரு வீடு. மூன்று மகள்மார் என்றால் உம்மாவின் காலத்தில் மூன்று வீடு. அதற்கடுத்த தலைமுறையில் ஆறோ ஏழோ. வளவு மட்டும் அதே வளவுதான். கிடுகு வேலி போய் மதில் வந்தது. ஓட்டு வீடு போய் மேல்மாடி வந்தது. எங்கள் கதையில் வரும் வீட்டிலும் அதுதான் நடந்தது. ராத்தாவுக்குக் கட்டிய வீடு சரியாக முருங்கை நின்ற இடத்தில் எழும்பியது. மாடி ஏறிய நாளிலிருந்து உம்மாவின் குசினிப் பக்கம் காலை வெயில் இல்லை. யாரையும் குறை சொல்ல ஏலாது. உம்மாதான் அந்த வீட்டுக்காக நகையை விற்றவர்.

மூன்றாவது காரணம் 2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேலே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோரத் தெருக்கள் அப்படியே இல்லாமல் போயின. பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை திரும்பக் கட்டக்கூடாது என்று ஒரு வலயத்தை அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனாலும் கரையில் இருந்த பல குடும்பங்கள் உள்ளே, ஏற்கெனவே நிறைந்திருந்த தெருக்களுக்குள் வந்தன. மாடித் தொடர்களும் வந்தன. அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வழக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, இன வீதாசாரப் பிரச்சினை என்று அவை ஆண்டுக்கணக்காக ஆட்களுக்குக் கிடைக்காமல் காடு பற்றிக் கிடந்தன. இங்கே ஒரு குசினிக்குள் வெயில் வராமல் இருந்ததற்கும் அங்கே 500 கூரை ஆளில்லாமல் வெயிலில் காய்ந்ததற்கும் தொடர்பு இருக்கிறது.

மறைப்புக் கட்டிய காலம்

முந்தைய தலைமுறைக்கு இருந்தது இதற்கு நேரெதிர்ப் பிரச்சினை. அவர்களுக்கு வெயில் கூடிப்போனது.

கொச்சிக்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை போட்டால் மேலே கிடுகு கட்டுவார்கள். முளைத்து ரெண்டு இலை வந்த பிறகு காலையிலும் பின்னேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடுகை விலக்குவார்கள். கன்று வெயிலுக்குப் பழகிய பிறகு முழுதாக எடுத்துவிடுவார்கள். வெற்றிலைக் கொடிக்காரருக்கு நிழல் அளவுதான் தொழிலே. வெயில் கூடினால் இலை தடித்துக் காரமாகும், குறைந்தால் கொடி ஓடும், இலை தங்காது. மைக்ரோமோல் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கைக்கணக்கில் தெரியும்.

நெல்லுக்கும் ஒரு வெளிச்சக் கணக்கு இருந்தது. மாவி போன்ற பழைய நெல்லினங்கள் எப்போது விதைத்தாலும், பகல் குறுகத் தொடங்கும் காலத்தில்தான் கதிர் தள்ளும். எங்கள் அகலாங்கில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஐம்பது நிமிடமளவுதான். அந்த ஐம்பது நிமிடத்தையும் நெல் கவனித்தது. ஒரு செடி பகலின் நீளத்தை அளக்கும் என்று விஞ்ஞானம் எழுதிவைத்தது 1920இல்தான். அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இரண்டு பேர், பூக்க மறுத்த ஒரு புகையிலை இனத்தை இருட்டறைக்குள் வைத்தும் எடுத்தும் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு பத்தலகொடையில் உருவான பீஜி நெல்லினங்கள் வந்தன. அவற்றுக்குப் பகல் நீளம் முக்கியமில்லை, நாட்கணக்குத்தான். மூன்று மாதம், மூன்றரை மாதம். அணைத் தண்ணீரும் இந்த இனங்களும் சேர்ந்துதான் மாவட்டத்தில் ரெண்டு போகத்தையும் நிலைநிறுத்தின.

விளக்குக்குக் கீழே செடி

செடிக்கு விளக்கு வைக்கிற யோசனை அலங்காரப் பட்டிக்காரர்களோடு தொடங்கியதல்ல. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், தண்ணீருக்குள் வைத்த இலை வெயிலில் குமிழி விடுகிறது, இருட்டில் விடுவதில்லை என்று காட்டினார். செடியை வேலை செய்ய வைப்பது சூரியனின் சூடு அல்ல, வெளிச்சம்தான் என்று அதன் மூலம் தெளிவானது. அப்படியென்றால் சூரியன்தான் வேண்டுமா, வேறு வெளிச்சம் போதாதா?

1880இல் வில்லியம் சீமென்ஸ் அதைச் சோதித்தார். இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாய்கிற ஆர்க் விளக்கை ஏற்றி, கடுகு, கரட், வெள்ளரி போன்றவற்றை இரவிலும் வளர்த்தார். செடி வளர்ந்தது. ஆனால் வெறும் விளக்கு பக்கத்தில் இருந்தால் இலை கருகியது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்தால் சரியானது. அந்த விளக்கின் புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்ததுதான் காரணம். பத்து வருடத்துக்குப் பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லியும் இதையே கீரைகளில் பார்த்தார். வெளிச்சம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எந்த நிறம் வேண்டும்? 1882இல் நெதர்லாந்தில் எங்கல்மான் ஒரு அழகான சோதனை செய்தார். ஒரு பாசி இழையின் மேல் வானவில் நிறங்களை வரிசையாக விழச்செய்து, ஒட்சிசனைத் தேடிப்போகும் பக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் கூட்டமாகச் சேர்ந்தன. அங்கேதான் ஒட்சிசன் கூட வந்தது. இந்தச் சோதனையின் எச்சம்தான் இன்று கடையில் விற்கும் ஊதா நிற "செடி விளக்கு". செடிக்குச் சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண் என்ற நம்பிக்கை.

அது பாதி உண்மை. 1972இல் கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் அளந்தார். பச்சை வெளிச்சத்தையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. சிவப்பைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆகவே சாதாரண வெள்ளை வெளிச்சம் செடிக்குப் போதும். ஊதா விளக்குக்குக் கூடக் காசு குடுக்கத் தேவையில்லை. இலையில் நோய் வந்தால் ஊதா வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது என்பதும் ஒரு காரணம்.

வெள்ளை எல்.ஈ.டி.யின் கதையும் சுவாரசியமானது. 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்தார். நீலம் வர முப்பது வருடம் எடுத்தது. ஜப்பானில் அகசாகி, அமானோ இருவரும் நகோயாவிலும், நகமுரா தொக்குஷிமாவில் நிச்சியா என்ற கம்பனியிலும் உழைத்து 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார்கள். 2014இல் மூவருக்கும் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. நாங்கள் கடையில் வாங்கும் வெள்ளைப் பட்டியின் ஒவ்வொரு மணியும் உண்மையில் ஒரு நீல எல்.ஈ.டி. அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றுகிறது. எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

நீலம் வந்து சேர்வதற்கு முன்னமே விண்வெளிக்காரர்கள் செடியோடு தொடங்கிவிட்டார்கள். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1980களின் கடைசியில், நாசாவின் உதவியோடு சிவப்பு எல்.ஈ.டி.க்குக் கீழே சலாது வளர்த்தார்கள். நீலத்துக்குக் குழல் விளக்கைச் சேர்த்தார்கள். 2014இல் "வெஜி" என்ற சிறு தோட்டப்பெட்டி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. 2015 ஆகஸ்டில் அங்கிருந்தவர்கள் தாங்கள் வளர்த்த சலாது இலையைச் சாப்பிட்டார்கள். மண் இல்லாத, வெயில் இல்லாத ஒரு பெட்டிக்குள் கீரை. எங்கள் சாய்ந்தமருதுக் குசினிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

விண்வெளியில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கட கரண்ட் எங்கேயிருந்து வருகிறது

பட்டிப்பளை ஆறு எங்கள் வயல்களுக்கு வந்த ஆறு. கல்லோயா என்று வரைபடத்தில் இருப்பதும் அதுதான். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனி ஒன்று அணை கட்டியது. அந்த அணையில் சுமார் 11 மெகாவாட் மின் நிலையமும் இருக்கிறது. வந்த தண்ணீரோடு புதிய குடியேற்றங்களும் வந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமானது. வாய்க்காலின் கடைசியில் இருந்த கரையோரத்து விவசாயிகளுக்குத் தண்ணீர் வருமா என்பது பல வருடங்களுக்குப் பிரச்சினையாக இருந்தது. மேற்கே திறந்த காணி திட்டத்துக்குள் போனதால் கரையோர ஊர்கள் மேற்கே விரிய இடமும் சுருங்கியது. எங்கள் ஆற்றில் பிறந்த மின்சாரம் நாட்டு வலையமைப்பில் கலந்துபோகிறது. எங்கள் வீட்டு பிளக்குக்கு வருவது நீர், டீசல், நிலக்கரி எல்லாம் கலந்த கரண்ட். நிலக்கரி எரிவது புத்தளத்து நுரைச்சோலையில், 900 மெகாவாட். அக்கரைப்பற்றில் வீடுகள் பூட்டிக்கிடந்த இடத்துக்கும் அதே பெயர். எங்கள் விளக்கு எரிந்தால் ஒரு நுரைச்சோலையில் புகை போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் 31ஆம் தேதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதற்கு முதல் வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் எங்கள் பக்கத்து வயல்கள் மஞ்சள் பூத்துவிட்டன. 2022 ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு குடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்து தோட்டம் செய்யச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். எங்கே செய்வது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். வளவு உள்ளவனுக்கு அது ஒரு திட்டம். மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் மூன்றடி உள்ளவனுக்கு அது ஒரு பகிடி.

கணக்கு

சரி, பட்டிக்கு வருவோம். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 5050 பட்டியில் மீற்றருக்கு 60 மணி, 14.4 வாட் என்று எழுதியிருக்கும். 5 மீற்றர் ஒரு சுருள். நாங்கள் நினைத்தது இரண்டடிக்கு இரண்டடி தட்டு. 60 சென்றிமீற்றர் துண்டுகளாக எட்டு வெட்டி, அலுமினியத் தகட்டில் ஏழரை சென்றிமீற்றர் இடைவெளியில் ஒட்டினால் மொத்தம் ஏறக்குறைய 70 வாட்.

செடிக்கான வெளிச்சத்தை வாட்டிலோ லூமனிலோ அளப்பதில்லை. ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்று மைக்ரோமோலில் அளப்பார்கள். மலிவான வெள்ளைப் பட்டி ஒரு வாட்டுக்கு விநாடிக்கு ஒரு மைக்ரோமோல் தரும் என்று எடுத்துக்கொண்டோம். 70 மைக்ரோமோல். பத்தில் ஏழு பங்கு தட்டில் விழும். அதைத் தட்டின் பரப்பால், அதாவது 0.36 சதுர மீற்றரால் பிரித்தால் சுமார் 136. ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரித்தால் மொத்தம் 7 மோல் அளவு.

நாற்றுக்கு அது போதும். கீரைக்கு இழுபறி. கொச்சியும் தக்காளியும் காய்க்க வேண்டுமென்றால் 20க்கு மேலே வேண்டும்.

மின்மாற்றிப் பெட்டியின் இழப்பையும் சேர்த்தால் 82 வாட். ஒரு நாளைக்கு 1.15 யூனிட், மாதத்துக்கு 35 யூனிட் அளவு. இலங்கையில் வீட்டுக் கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறும். ஐம்பது யூனிட் பாவிக்கும் ஒரு சின்ன வீடு இந்த விளக்கால் 85க்குப் போய்விடும். அந்த 35 யூனிட்டுக்கு மட்டுமல்ல, மற்ற யூனிட்டுகளுக்கும் விலை கூடலாம். அதில் வரும் கொச்சிக்காயைவிடச் சந்தையில் வாங்குவது எவ்வளவோ மலிவு.

பிறகு இன்னொரு கணக்குப் போட்டோம். எங்கள் ஊர் உச்சி வெயில் 1,500 மைக்ரோமோலுக்குக் குறையாது. ஒரு மணித்தியாலத்துக்கு 5.4 மோல். அதாவது எங்கள் விளக்கு காலையிலிருந்து இரவு வரை எரிந்து தருவதை, மேலே சிலாப்பில் விழும் உச்சி வெயில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சும்மா தந்துவிடும். இதைப் பார்த்ததும் எங்களில் பாதிப் பேர் திட்டத்தை விட்டுவிடுவோம் என்றார்கள்.

விடவில்லை. திட்டத்தைச் சின்னதாக்கினோம்.

கடைசித் திட்டம்

வெயில் இருக்கிறது, ஆனால் மேலே இருக்கிறது. ராத்தாவின் மாடி சிலாப்பில் காலை முதல் பின்னேரம் வரை வெயில். அப்போ காய்க்கும் செடி அங்கே போகட்டும். ஆனால் கார்த்திகை, மார்கழி, தை மாரியில் மேலே விதை போட்டால் மழை அடித்துக் கரைத்துவிடும்; கீழே வைத்தால் வெளிச்சம் போதாமல் நெட்டை விழும். இடையில் இருக்கிற அந்த மூன்று கிழமைக்கு மட்டும் விளக்கு. பழைய நாற்றுமேடையின் வேலையைத்தான் இது செய்யப்போகிறது. அவர்கள் கூடின வெளிச்சத்தைக் குறைத்தார்கள், நாங்கள் குறைந்த வெளிச்சத்தைக் கூட்டுகிறோம்.

ஆகவே ஒரு அடிக்கு இரண்டடி. நூறு குழி உள்ள நாற்றுத் தட்டு ஒன்று அதற்குள் அடங்கும். பட்டி பாதிதான், நாலு துண்டு, 35 வாட். 14 மணித்தியாலம், 21 நாள். மொத்தம் 12 யூனிட்.

செய்முறை இதுதான். பட்டியை அதில் அடையாளமிட்ட கோட்டில் மட்டும் வெட்ட வேண்டும். 12 வோல்ட் பட்டியில் அது மூன்று மணிக்கு ஒன்று. துண்டுகளைத் தொடராக ஒன்றன் பின் ஒன்றாக இணைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வயர் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் துண்டு மங்கும். அலுமினியத் தகடு கட்டாயம், சூடு அதில்தான் இறங்கும். பலகையில் ஒட்டினால் பட்டி சீக்கிரம் மங்கிப்போகும். 35 வாட்டுக்கு 3 அம்பியர் போகும். 5 அம்பியர் பெட்டி போட்டால் அது சுடாமல் ஓடும். எங்கள் உப்புக்காற்றுக்குச் செம்பு பச்சை பிடிக்கும், அதனால் சிலிக்கன் பூசிய பட்டியாக வாங்கி, வெட்டிய முனைகளையும் சிலிக்கனால் மூட வேண்டும். விளக்கு செடிக்கு ஆறு ஏழு அங்குலம் மேலே; கன்று வளர வளரக் கயிற்றில் தூக்க வேண்டும். சுற்றிவர ரெஜிபோமில் வெள்ளித்தாள் ஒட்டி மதில் வைத்தால் பக்கத்தால் சிந்துகிற வெளிச்சம் திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. பட்டியில் ஓடும் 12 வோல்ட் ஆளைப் பிடிக்காது. பெட்டிக்கு வரும் 230 வோல்ட் பிடிக்கும். தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்கு மேலே, தூரத்தில் பெட்டியை வையுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் வயரிங்காரரிடம் குடுங்கள்.

கரண்ட் போனால்? 12 வோல்ட் பட்டியின் நல்லது அங்கேதான் இருக்கிறது. சோலார் வைத்திருக்கிற வீட்டு பற்றரியில் நேரடியாகக் கொடுக்கலாம். 100 அம்பியர் மணி பற்றரியில் பாதியைப் பாவித்தால் 600 வாட் மணி. 35 வாட் பட்டி 17 மணித்தியாலம் எரியும். ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் நாற்று சாகாது என்பதையும் மறக்க வேண்டாம். சாவது தண்ணீர் கூடினால்தான்.

நாலு இலை வந்த பிறகு ஒரு கிழமை வெயிலுக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் ரெண்டு. கிடுகு விலக்கிய அதே கணக்கு. பிறகு தென்னந்தும்புத் தூள் கலந்த மண்ணோடு உரப்பையில் நட்டு மேலே. சிலாப்பில் பாரம் ஏறும், தண்ணீர் தேங்கும். அதனால் பைகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, கல்லின் மேல் தூக்கி வைக்க வேண்டும்.

இந்த விளக்கால் போன வளவு திரும்பி வராது. 12 யூனிட்டில் ஒரு தட்டு நாற்று வரும், அவ்வளவுதான். காணி எங்கே போனது, கரையோரத்து ஊர்கள் எப்படி விரிவது, கட்டி முடித்த வீடுகள் எப்படி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன என்ற கேள்விகளை ஒரு சுருள் பட்டியால் மூடிவிட ஏலாது. மூடக்கூடாது. நகரத் திட்டமிடல் என்று கூட்டம் நடக்கும்போது வீதியின் அகலத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு குசினி யன்னலுக்கு வெயில் வருமா என்று நாங்களும் கேட்டதில்லை. பக்கத்து மதிலுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், கூரையில் ஒரு ஒளிபுகும் சீட் போட்டால், உள்ளே வெளிச்சம் கூடும். அதற்குக் கரண்ட் வேண்டாம். மாடி கட்டும்போது உம்மாவிடம் எந்தப் பக்கம் என்று கேட்பதற்கும் கரண்ட் வேண்டாம்.

திட்டத்தை உம்மாவுக்குக் காட்டினோம். கணக்கை முழுக்கக் கேட்டார். மாதம் 35 யூனிட் என்றபோது முகத்தைச் சுளித்தார், மூன்று கிழமைக்கு 12 என்றபோது சும்மா இருந்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "மேல சிலாப்புல வைக்கிறதுக்கு ராத்தாட்ட கேட்டயா?"

ராத்தா ஓம் என்றிருக்கிறார். முதல் காய் பறித்தால் பாதி தனக்கு என்று ஒப்பந்தம். மற்றப் பாதி விற்ற காசு உம்மாவின் முந்தானைக்கு. விதை அடுத்த கிழமை போடுகிறோம்.